ஐந்து புறாக்கள் அமர்ந்த பூ



கனடாவின் டொரண்டோ நகரில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்த என் ராத்தா, அங்குள்ள தோட்டத்தில் கொலம்பைன் என்னும் பூவின் விதைகளை ஏப்ரல் மாதம் விதைத்தார். இலைகள் தழைத்தனவே அன்றி, கோடை முடிந்தும் ஒரு மொட்டுக்கூட அரும்பவில்லை. "நான் ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது. பூக்காத செடியைப் பிடுங்கிவிடட்டுமா தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கொலம்பைன் குளிர்நாட்டுச் செடி. நம் சமவெளியின் வெப்பம் அதற்கு ஆகாது. குளிர்காலம் ஒன்றைக் கடந்த பின்னரே அது பூக்கும். ஆதலால் விதையிலிருந்து வளரும் செடி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் மலர்கிறது. விதைக்கும் குளிர் வேண்டும். ஈர மணலில் கலந்து மூன்று, நான்கு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பின்னர் மண்ணின் மேற்பரப்பில் தூவ வேண்டும். வெளிச்சம் பட்டால் நன்கு முளைக்கும், மண்ணிட்டு மூடலாகாது. அரை நிழலும், நீர் தேங்காத மண்ணும் போதும். ஆணிவேர் ஆழ இறங்குவதால், வளர்ந்த செடியை இடம் மாற்றினால் வாடிவிடும்.

பூவைத் தலைகீழாகப் பார்த்தால் ஐந்து புறாக்கள் வட்டமாக அமர்ந்திருப்பது போலத் தோன்றும். புறாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. ஒவ்வோர் இதழின் பின்னும் நீண்ட குழல் ஒன்று உண்டு. அதன் அடியில் தேன் இருக்கும். சிவப்பு வகைகளுக்கு ஹம்மிங் பறவையும், வெளிர்நிற நீள்குழல் வகைகளுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சியும் விருந்தாளிகள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 1899இல் இதனைத் தன் மாநில மலராக்கியது. பொது நிலங்களில் வேரோடு பிடுங்குவதைத் தடுத்தும், ஒருவர் ஒரு நாளில் 25க்கு மேல் பறிக்கலாகாது என்றும் 1925இல் சட்டமும் இயற்றியது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதன் விதையும் வேரும் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்தா செடியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த மே மாதம் மருமகள் ஒரு புகைப்படம் அனுப்பினார்: ஊதாப் பூக்கள், அருகில் பேத்தி. அச்செடி சில ஆண்டுகளே வாழும்; ஆயினும் தன் விதைகளைத் தானே உதிர்த்து, புதிய கன்றுகளைத் தரும். நட்டவர் காணாத பூவைப் பேத்தி காண்கிறாள். ராத்தாவுக்கு அது போதுமாம்.