சீமெந்தைத் தின்னும் அமிலமும் நகரபிதாக்களும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்குத் தார் இட்டால் அதற்கொரு விழா உண்டு. கொட்டாஞ்சேனையில் நடைபாதைக்குக் கல் பதித்தால் அதற்கும் மாலை மரியாதை உண்டு. அவ்வீதிகளின் அடியிற் கிடக்கும் கழிவுநீர்க் குழாய்களைக் காண்பார் யார்? வாக்குக் கேட்டு வருவோர் எவரும் மண்ணுக்கடியிற் புகுவதில்லை!

கொழும்பின் கழிவுநீர் அமைப்பு வெள்ளையர் ஆட்சியில், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. தெற்கே வெள்ளவத்தையிலும் வடக்கே முகத்துவாரத்திலும் நகரின் கழிவு கடலிற் சேர்கிறது. அதைச் சீர்செய்ய 2009 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுக்க இசைந்தது. அக்கடன் நம் பிள்ளைகளின் தலையிலே விடியும். ஆதலால் நாம் கேட்கிறோம்: நிலத்தடியில் இடும் கொங்கிறீற்றை எதைக்கொண்டு சோதிக்கிறீர்கள்?

வார்த்த கட்டியை 28 நாள் நீரில் வைத்து, நசுக்கிப் பார்த்து, வலிமை போதுமென்று முத்திரை குத்துவது வழமை. தெளிந்த நீரில் முதிர்ந்த கட்டி, அமிலத்திற் கிடக்கப்போகும் குழாய்க்குச் சாட்சி சொல்லுமா?

குழாயினுள் நடப்பது இதுதான். காற்றுப் படாது தேங்கும் கழிவில் நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமென்று மூக்கைப் பொத்துகிறோமே, அதே வாயு. அது மேலெழுந்து குழாய் முகட்டின் ஈரத்திற் படிகிறது. அங்கே வேறு நுண்ணுயிர்கள் அதனைக் கந்தக அமிலமாக்குகின்றன. 1945 இல் மெல்பேர்ண் நகரில் பாக்கர் என்ற ஆய்வாளர் இவற்றை இனங்கண்டார். சீமெந்தின் வலிமைக்கு ஆதாரம் சுண்ணாம்புச் சேர்வைகள். அமிலம் அவற்றை ஜிப்சமாக மாற்ற, கல்லாயிருந்தது களியாகிறது. களி உதிர, உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. கழிவு ஓடும் அடிப்பக்கம் உறுதியாயிருக்க, முகடு கரைந்துபோகும். நம் நாட்டு வெப்பம் இவ்வேலையை விரைவுபடுத்தும்.

சுரங்கத் தொழிலாரும் இப்பாடத்தைக் கற்றனர். தாது வெட்டிய வெற்றிடங்களை, அரைத்த கழிவு மணலிற் சீமெந்து கலந்து நிரப்புவர். அம்மணலிற் பைரைற்று இருந்தால், அது காற்றுப் பட்டு அமிலமாகும். முதலில் நிரப்பின் வலிமை ஏறும். மாதங்கள் செல்ல, ஏறியது இறங்கும். 28 ஆம் நாளில் அளந்தவர் ஏமாந்தார். அதனாலேயே அங்கு மாதக்கணக்கிற் சோதிக்கின்றனர்.

சல்பேற்றைத் தாங்கும் சீமெந்து இட்டோமென்று சமாதானம் கூறுவோருக்கு ஒரு வார்த்தை. அது சல்பேற்று உப்பைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்தாலும் அரிப்புச் சற்றுத் தாமதிக்கும், அவ்வளவே. மெருகிட்ட சுடுமண் குழாயோ, உட்புறம் பிளாஸ்ரிக் போர்த்த கொங்கிறீற்றோதான் நிலைக்கும். செலவு கூடுதலென்பார்கள். தெரு உள்வாங்கினால் வசதியுள்ளவரின் மோட்டார் வண்டி வேறு வழியாற் போய்விடும். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக் குடும்பத்தின் வாசலிலோ மலநீர் நிற்கும். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

அமிலச் சோதனையைக் கேள்விப்பத்திரத்திற் கட்டாய நிபந்தனையாக்குங்கள். பழைய குழாய்களின் முகட்டைக் கமெராவாற் படம் பிடித்து, நகர மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து நாமே வந்து பார்க்கிறோம்.