செல்லம் வேறு, அன்பு வேறு

"அடியாத மாடு படியாது. நிபந்தனையில்லாமல் அன்பு காட்டினால் பிள்ளை கெட்டுப்போகும், தன்னை அப்படியே ஏற்றுக்கொள்கிறவன் சோம்பேறியாவான்" என்கிறார்கள். அடித்துச் சொன்னால் போதுமா, ஆதாரம் வேண்டாமா?

அமெரிக்காவின் பெர்க்லியில் பிரைன்ஸ், சென் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனை 2012இல் வெளியானது. மாணவர்களுக்குக் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றை வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம், இது பலருக்கும் கஷ்டம்தான், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தது அந்தப் பிரிவுதான். 'நீங்கள் புத்திசாலிகள்' என்று தட்டிக்கொடுக்கப்பட்டவர்கள்கூட அவ்வளவு படிக்கவில்லை. சோம்பல் எங்கே போனது?

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. நிபந்தனையற்ற ஏற்பைப் பற்றிப் பேசிய உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ஆல்பர்ட் எல்லிஸும் ஏற்கச் சொன்னது ஆளை. அவர் செய்கிற எல்லாவற்றையும் அல்ல. தம்பியை அடித்த மகனைக் கண்டிக்கத்தான் வேண்டும். 'நீ என் பிள்ளையே இல்லை' என்பது கண்டிப்பா, மிரட்டலா? அப்படி வளர்ந்தவர்கள்தான் நாற்பது வயதில் அலுவலகத்தில் ஒரு கணக்கு பிசகினால் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார்கள். (அடியை ஒழுக்கம் என்று புகழ்கிறவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதேயில்லை.)

மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடைபோடுவதும் இதே குழப்பம்தான். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகள் படிப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் இன்னும் ரேங்க் போடுகிறவர்கள் அதையும் நிறுத்தலாம்.