காற்றாலை முதலாளிகளே, பறவைக் கணக்கு எங்கே?

"கொக்குக்கும் குருவிக்கும் வக்காலத்து வாங்கவா தொழிலாளி வர்க்கத்தின் கட்சி இருக்கிறது?" என்று ஏளனம் பேசுகிறார்கள். பேசுவோர் யார்? காற்றாலை முதலாளிகளும், அவர்களுக்கு நிலத்தரகு பார்த்து வயிறு வளர்ப்பவர்களும்தான். நம் தோழர்களில் சிலர்கூட, "பறவை பார்ப்பது துரைமார் பொழுதுபோக்கு" என்று சொல்லக் கேட்கிறோம். ஆகவே விஷயத்தை உடைத்தே பேசிவிடுவோம்.

காற்று மின்சாரத்தை நாம் எதிர்க்கவில்லை. நிலக்கரிப் புகையைவிடக் காற்று ஆயிரம் மடங்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. நிற்கட்டும். ஆனால் அவை யாருடையவை? பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுற்றும் இறக்கைகளில் மில் முதலாளிகளுக்குச் சொந்தமானவை ஏராளம். 1990களில், நட்ட முதல் ஆண்டிலேயே காற்றாலையின் முழு விலையையும் 'தேய்மானம்' என்று எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ள சர்க்கார் சலுகை தந்தது. பின்னர் அது 80 சதவீதமாயிற்று. 2017 முதல் 40 சதவீதம். புத்தம்புது இயந்திரம் ஒரே ஆண்டில் தேய்ந்து போயிற்றாம்! முப்பது வருஷம் இரவு ஷிப்டில் நின்று தேய்ந்த தொழிலாளியின் முழங்காலுக்கு எந்தச் சட்டத்தில் தேய்மானம் இருக்கிறது?

இப்படி ஊரார் வரிப்பணத்தில் எழும் கோபுரத்தை எங்கே நடுவது என்று ஊராரைக் கேட்கிறார்களா? இல்லை. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கான 2006-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை சேர்க்கப்படவில்லை. அந்தச் சட்டப்படி முன் அனுமதி வேண்டாம், பொது விசாரணை வேண்டாம், பறவைக் கணக்கும் வேண்டாம்! காட்டு நிலத்துக்கு மட்டும் தனி அனுமதி. மேய்ச்சல் தரையிலும் மானாவாரிக் காட்டிலும் தரகரின் கையெழுத்தே சட்டம்.

பறவைக் கணக்கு என்றால் என்ன? ஸ்காட்லாந்தில் காற்றாலை நடுவதற்கு முன்பாக, மேட்டில் ஒருவரை உட்கார வைக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர் வட்டாரத்தில் எந்தப் பறவை, எத்தனை, எந்த உயரத்தில், எவ்வளவு நேரம் பறக்கிறது என்று அவர் குறிக்கிறார். இறக்கை சுற்றும் உயரத்தில் பறப்பதே முக்கியக் கவனம். ஒவ்வொரு இடத்திலும் பருவத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம். பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இதில் மாயமில்லை, மந்திரமில்லை. நாலு மாதம் ஆட்டுக்கிடை போட்ட கீதாரி, பருந்து எந்த மேட்டில் வட்டமிட்டு ஏறும் என்று விரலை நீட்டிக் காட்டிவிடுவார். ஆனால் அவரைக் கேட்பதற்கு எந்தக் கம்பெனியும் வருவதில்லை.

பித்தலாட்டத்துக்கு இதில் நிறைய இடமுண்டு. நம் தென் மாவட்டங்களில் பலத்த காற்று வைகாசி முதல் ஆவணி வரை. வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகளோ ஐப்பசிக்குமேல் வந்து பங்குனியில் திரும்புகின்றன. ஆடி மாதத்தில் நாலு நாள் பார்த்துவிட்டு 'வலசைப் பறவை ஏதுமில்லை' என்று எழுதினால், பொய்யும் ஆகாது, உண்மையும் ஆகாது! "காற்று அடிக்கும்போது பறவை இல்லை, பறவை வரும்போது காற்று இல்லை, பிறகென்ன?" என்று வக்கீல் வாதம் வேறு செய்வார்கள். ஊரிலேயே இருக்கும் பருந்தும் கூழைக்கடாவும் எந்த மாதம் விடுமுறையில் போகின்றன? மின்கம்பிகளை ஐப்பசியில் சுருட்டி வைத்துவிடுகிறார்களா?

இன்னொரு வாதமும் வரும். "கணக்கெடுத்த இடத்திலும் பறவைகள் சாகின்றனவே, கணக்கு எதற்கு?" ஸ்பெயின் நாட்டுத் தென்கோடியில், முன்கூட்டிச் சொன்ன கணிப்புக்கும் பின்னால் செத்த கழுகுகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை என்று விஞ்ஞானிகள் கண்டது மெய்தான். காரணத்தையும் அவர்களே சொன்னார்கள். வட்டாரம் முழுவதற்கும் ஒரே கணக்குப் போட்டதுதான் தவறு. சாவு சில கோபுரங்களில்தான் குவிகிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும். அதே வட்டாரத்தில், ஆபத்தான கோபுரங்களைக் கழுகு நெருங்கும்போது மட்டும் நிறுத்தினார்கள். கழுகுச் சாவு பாதியாயிற்று. மின்சார நஷ்டமோ நூற்றுக்கு 0.07 பங்குதான்!

சரி, பருந்து செத்தால் உழைப்பாளிக்கு என்ன? மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்து மலைமேட்டில் பெங்களூர் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். காற்றாலை உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே இருந்தன; அவை தின்னும் ஓணான் பெருகிவிட்டது. நம் வயலில் அந்த ஓணானுக்குப் பதில் எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை விவசாயத் தொழிலாளியே சொல்வார்.

பறவை துரைமார் சொத்து என்பதைப் போன்ற புளுகு வேறில்லை. வேடந்தாங்கலில் கொக்குகளைச் சுட்டுத் தள்ளியது வெள்ளைக்காரச் சிப்பாய்கள். தடுத்தது கிராமத்துக் குடியானவர்கள். 1798-ல் கலெக்டரிடம் பாதுகாப்புச் சாசனம் வாங்கியதும் அவர்களே. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு எரு என்பது அவர்களுக்குத் தெரியும். நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்தில் இன்றும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவர்களா துரைமார்?

முன்னே கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இராமேஸ்வரத்துக்கு நேரே, கடலுக்கு அப்பால் இருக்கிறது மன்னார்த் தீவு. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் வந்து தங்கும் இடம். அங்கே அதானி கம்பெனி 250 மெகாவாட்டுக்குக் காற்றாலை நடப்போவதாக வந்தது. சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் 2024-ல் உச்ச நீதிமன்றம் போயின, மீனவர்களும் எதிர்த்தனர். பறவைக் கணக்கைக் கிளறியபோது விலைக் கணக்கும் மேலே வந்தது! போட்டி டெண்டர் இல்லை. 20 ஆண்டுக்கு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட். புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் கம்பெனி விலகிக்கொண்டது. பறவைக்காக மட்டும் அது விலகவில்லை என்பது நமக்கும் தெரியும். ஒரு கணக்கைக் காட்டச் சொன்னால் எல்லாக் கணக்கையும் காட்ட வேண்டிவருமே என்பதுதான் இவர்களின் நடுக்கம்.

2006 அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலையைச் சேர்க்க வேண்டும். ஓராண்டு முழுதும், எல்லாப் பருவத்திலும், கோபுரத்துக்குக் கோபுரம் கணக்கெடுக்க வேண்டும். எடுப்பவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்கக் கூடாது. செலவைக் கம்பெனி சர்க்காரிடம் கட்டட்டும். ஊர் ஆட்களுக்குப் பயிற்சியும் தினக்கூலியும் கொடுத்து இதில் அமர்த்த வேண்டும். நட்ட பிறகு, கோபுரத்தடியில் செத்துக் கிடக்கும் பறவையை நாய் இழுத்துப் போவதற்கு முன் பார்ப்பவர் இரவுக் காவலாளி. அவர் அதை எழுதினால் வேலை போகாது என்ற உத்தரவாதம் வேண்டும்.

அறிக்கை தமிழில் அச்சாகிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தொங்க வேண்டும். மே 1 கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை வையுங்கள். தலைவர் மழுப்பினால், தீர்மான நோட்டில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள்.