எனர்ஜி டிரிங்க், ஏற்காடு காபி: எதில் காஃபீன் அதிகம்? லேபிள் சொல்வதும் சொல்லாததும்

ஏற்காட்டுக்கு டூர் போகிறவர்கள் காபித்தூள் பாக்கெட் இல்லாமல் மலை இறங்குவது அபூர்வம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் அறிமுகப்படுத்திய பயிர் அது. இப்போது அதே கடை ஃப்ரிட்ஜில் எனர்ஜி டிரிங்க்கும் இருக்கிறது. ரெண்டிலும் இருப்பது ஒரே காஃபீன்தான். ஆனால், லேபிள் விதிகள் வேறு.

எனர்ஜி டிரிங்க்குக்கு என்ன விதி?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதியில் இதன் பெயர் 'காஃபீன் கலந்த பானம்'. லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். அதாவது, 250 மி.லி. பாட்டிலில் அதிகபட்சம் 75 மி.கி. 'அதிக காஃபீன்', 'குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை', 'ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம்' என்ற எச்சரிக்கைகள் கட்டாயம்.

அப்போ காபித்தூளுக்கு?

சிக்கரி கலந்திருந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். காபி குறைந்தது 51% இருக்கணும். காஃபீன் எத்தனை மி.கி. என்று போடும் கட்டாயம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரபிகா கொட்டையில் சுமார் 1.2% காஃபீன். சிக்கரியில் அது கிடையாது. 70:30 கலவையில் 10 கிராம் தூள் போட்டால், அதில் சுமார் 84 மி.கி. ரொபஸ்டா என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆக, ஒரு ஸ்ட்ராங் ஃபில்டர் காபி, ஒரு எனர்ஜி பாட்டிலுக்குச் சளைத்ததல்ல.

பிறகு ஏன் கவலை?

குடிப்பது யார் என்பதுதான் விஷயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015 மதிப்பீட்டின்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரை பிரச்சினை இல்லை. குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரே பாட்டிலில் அந்த நாளின் கோட்டா முடிந்துவிடும். கசப்பான காபியைக் குழந்தை ஒரே மூச்சில் குடிக்காது. ஜில்லென்று இனிக்கும் பாட்டிலைக் குடித்துவிடும்.

ஓட்டை எங்கே?

எச்சரிக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாலே சட்டப்படி போதும், தமிழ் கட்டாயமில்லை. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதையே தடுக்கும் திட்டத்தை இங்கிலாந்து அரசு 2025 செப்டம்பரில் முன்வைத்தது. இங்கே 'பரிந்துரைக்கப்படவில்லை' என்ற வரியை முதலில் படிக்க முடிய வேண்டும். பொடி எழுத்தில், தெரியாத மொழியில் இருக்கும் எச்சரிக்கை யாரையும் காப்பாற்றாது.