நடுவுக்குத் திரும்பும் சக்கரம்

சாம்ப்ளர் வகை மென்பொருள் ஒன்றைத் திறந்தால் திரையின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வரிசையாகத் தோன்றும். இடப்பக்கத்தில் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். கட்டையைச் சொடுக்கினால், முன்பே பதிந்துவைத்த வீணையோ வயலினோ அந்தச் சுரத்தில் ஒலிக்கும். சக்கரத்தை இழுத்தால் சுருதி ஏறும், இறங்கும். விட்டவுடன் சக்கரம் நடுவுக்கே திரும்பிவிடும். இத்திரும்புதலை வெறும் பொறியியல் வசதி என்று கொள்வது பிழை. கட்டை தருவதே சுரம். இரு கட்டைகளுக்கு இடைப்பட்டதெல்லாம் தற்காலிக விலகல் என்னும் இசைக்கொள்கை ஒன்று அதற்குள் குடியிருக்கிறது.

கர்நாடக இசைக்கு அக்கொள்கை பொருந்தாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைவே அதன் வடிவம். சாதாரண காந்தாரக் கட்டையை மட்டும் அழுத்தினால் கிடைப்பது குறையுள்ள தோடி அன்று, தோடியே அன்று. குற்றியலுகரத்தைத் தொல்காப்பியம் சிதைந்த உகரம் என்று ஒதுக்கிவிடவில்லை. சார்ந்து வரும் எழுத்தாகக் கொண்டு, அது வரும் இடங்களையும் வகுத்தது. கமகத்துக்கு அப்படி ஓர் இடத்தை மென்பொருள் இன்னும் வகுக்கவில்லை.

நுண்மை போதாமை இதற்குக் காரணமன்று. 1983இல் வெளிவந்த மிடி முறை சுருதி வளைவுக்கு 16,384 படிகளை ஒதுக்கியது. பெரும்பாலான கருவிகளில் இயல்பான வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. செவியால் பிரித்தறிய இயலாத அளவுக்கு நுண்ணிய படிகள் அவை. இடர்ப்பாடு திரையில் தொடங்குகிறது. சக்கரம் 100 புள்ளி உயரமாக வரையப்பட்டிருந்தால் ஒரு புள்ளிக்கு 4 சென்ட் நகரும். பெரிய ஜாருக்காக வீச்சை ஓர் எண்மத்துக்கு விரித்தால் ஒரு புள்ளிக்கு 24 சென்ட். ஏறத்தாழ ஒரு நுண்சுருதியே தாவிப் போய்விடும். போதாததற்குச் சுட்டி ஒன்றுதான்: அது கட்டையைப் பிடித்திருந்தால் சக்கரத்தைத் தொட முடியாது. எழுத்து விசைகளால் சுரத்தைப் பிடித்துக்கொண்டு சுட்டியால் சக்கரத்தை அசைக்கலாம். ஆனால் வழக்கமான மிடியில் வளைவு ஒரு தடம் முழுவதற்கும் உரியது. அதே தடத்தில் ஆதார சட்ஜத்தையும் ஒலிக்கவிட்டால் காந்தாரத்தோடு சட்ஜமும் சேர்ந்து ஆடும். ஆதாரமே ஆடினால் எதை வைத்துப் பாடுவது?

கமகத்தோடு பதிந்த ஒலித்தொகுப்புகளே இதற்கு விடை என்பார் உளர். அவை பயணிகளுக்கான சொற்றொடர்க் கையேடுகளைப் போன்றவை. வழி கேட்க உதவும், உரையாட உதவா. மேலும், காலத்தைத் தனியே சரிசெய்யாத சாம்ப்ளர், சுருதியை உயர்த்த ஒலியையே விரைவாக ஓட்டுகிறது. ஐந்து அரைச்சுரம் ஏற்றினால் கமகத்தின் ஆட்டமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரைவுகொள்ளும். விளம்பமாக அசைந்த சுரம் நடுங்கத் தொடங்கும்.

அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கிவைத்தபோது எழுந்த வாதமும் இதுவே: கட்டைக்கருவியில் கமகம் எழாது. வாதம் சரி, தடை சரியன்று. (பாடகர் தம் சுருதியை இன்றும் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறார்.) மாண்டலின் சீனிவாசன் காட்டிய வழி வேறு. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, மின்கருவியாக மாற்றி, கமகத்துக்கு இடங்கொடுக்கும்படி கருவியையே திருத்திக்கொண்டார். மென்பொருளைத் திருத்துவது மரத்தையும் தந்தியையும் திருத்துவதைவிடக் கடினமன்று. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவு தரும் எம்பிஇ முறை 2018இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. ஐபேடின் கராஜ்பேண்டில் கட்டைமீது விரலை நகர்த்தியே சுருதியை வளைக்கலாம்.

ஆயினும் எம்பிஇக்கென்று செய்த விசைப்பலகையும் ஐபேடும் விலை மிக்கவை. பழைய மடிக்கணினி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாணவருக்குத் திரையில் தெரியும் கட்டைகளே கருவி. அவருடைய செவி பழகுவதும் அவற்றோடுதான். விட்ட இடத்திலேயே சக்கரம் நிற்பதற்கு ஒரு தெரிவு, வளைவின் வீச்சு எவ்வளவு என்று சக்கரத்தின் அருகிலேயே ஓர் எண், கட்டையை அழுத்திய சுட்டியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரமும் உடன் நகரும் ஏற்பாடு. இம்மூன்றும் அவர் திரையில், கூடுதல் விலையின்றி, முதலில் வரவேண்டும்.