பிள்ளையை அளந்துவிட்டுப் புறப்படுங்கள்!

சித்திரை மாதக் கடைசியில் வீரபாண்டியில் திருவிழா. தேனிக்குத் தெற்கே, கம்பம் சாலையில், முல்லை ஆற்றங்கரையில் இருக்கிறது கவுமாரியம்மன் கோவில். அக்கினிச் சட்டி எடுக்கிறவர்கள் ஒரு பக்கம். ராட்டினம் ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

கம்பம், சின்னமனூர், போடி எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள். சாமி கும்பிட என்று சொல்வார்கள். நினைப்பு எல்லாம் ராட்டினத்தில் இருக்கும்!

இப்போது அந்த நினைப்பு கடல் தாண்டிப் போகிறது. செல்போனில் டிஸ்னிலாண்டு தெரிகிறது. "அப்பா, சிங்கப்பூர் போவோமா?" என்று பிள்ளை கேட்கிறது. ஏலக்காய் நல்ல விலைக்குப் போன ஆண்டில், திராட்சை கை கொடுத்த ஆண்டில், அப்பாவும் "பார்ப்போம்" என்கிறார்.

போகலாம். தவறே இல்லை. கையில் பணம் இருந்தால் போய் வரவேண்டும். நகையை அடகு வைத்துப் போகவேண்டாம். ராட்டினம் நின்ற பிறகும் வட்டி சுற்றிக்கொண்டே இருக்கும்!

பெஞ்சில் உட்கார்ந்த தகப்பனார்

பெரிய ராட்டினத்தை முதலில் கட்டியவர் பெர்ரிஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர். ஆண்டு 1893. இடம் சிகாகோ உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசிப் புகழ் பெற்றாரே, அதே ஆண்டு, அதே ஊர்.

தீம் பார்க் என்பது அதற்கு அடுத்த படி. அங்கே ராட்டினம் மட்டும் இருக்காது. ஒரு பகுதி காடு போல இருக்கும். ஒரு பகுதி கோட்டை போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கதை.

இதை உலகம் அறியச் செய்தவர் வால்ட் டிஸ்னி. தன் பெண்களைக் குடைராட்டினம் ஏற்றிவிட்டு, அவர் பெஞ்சில் உட்கார்ந்து இருப்பாராம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இல்லையே என்று எண்ணினாராம். 1955 ஜூலை 17-ந் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டிஸ்னிலாண்டு திறக்கப்பட்டது.

முதல் நாள் ஒரே குழப்பம்! பலர் போலி டிக்கெட்டில் நுழைந்துவிட்டார்கள். கடும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குடிதண்ணீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் இல்லை. நம் ஊர்த் திருவிழாவைக் கேலி செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆனால் ஒன்று. அவர்கள் அந்தக் குறைகளை அப்படியே விட்டுவிடவில்லை. பிறகு டோக்கியோவில் 1983-ம் ஆண்டும், பாரிஸ் அருகே 1992-ம் ஆண்டும், ஹாங்காங்கில் 2005-ம் ஆண்டும், ஷாங்காயில் 2016-ம் ஆண்டும் டிஸ்னி பூங்காக்கள் வந்தன.

எது நமக்குத் தோது?

அமெரிக்கா மிகத் தூரம். செலவும் அதிகம். டோக்கியோவில் அடுத்தடுத்து இரண்டு பூங்காக்கள். இரண்டு நாள் வேண்டும். ஹாங்காங் பூங்கா சிறியது. ஒரு நாளில் பார்த்துவிடலாம். வளைகுடாவில் உறவினர் இருக்கும் குடும்பத்துக்கு அபுதாபி தோதுப்படும். அங்குள்ள பெராரி வேர்ல்டு கூரைக்கு உள்ளேயே இருக்கிறது. கோடை விடுமுறையில் போனாலும் வெயில் படாது.

முதல் தடவை வெளிநாடு போகும் குடும்பத்துக்குச் சிங்கப்பூரே நல்லது. திருச்சியில் விமானம் ஏறி நேராக இறங்கலாம். அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. சிராங்கூன் சாலைக்குப் போனால் இட்லி கிடைக்கும். பாட்டிக்கு வீரமாகாளியம்மன் கோவிலும் அங்கேயே இருக்கிறது. செந்தோசா தீவில் யூனிவர்சல் ஸ்டூடியோ பூங்கா.

பாஸ்போர்ட்டு ஒவ்வொருவருக்கும் தனியாக வேண்டும். கைக்குழந்தைக்கும் வேண்டும். பயண நாளில் இருந்து 6 மாதமாவது அது செல்லுபடி ஆகவேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டு 5 ஆண்டுதான். பலர் இதை மறந்துவிட்டு, டிக்கெட்டு வாங்கிய பிறகு ஓடுகிறார்கள். சிங்கப்பூருக்கு விசாவும் வேண்டும். இதை எல்லாம் முடித்துவிட்டு விமான டிக்கெட்டு வாங்குவதே முறை.

கடைசியாக ஒன்று. வீட்டு நிலையில் பிள்ளையை நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள்.

ஏன்? சிங்கப்பூர் பூங்காவில் மம்மி பெயர் கொண்ட இருட்டு ரெயிலில் ஏற 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அங்குள்ள பெரிய உருளும் ரெயிலுக்கு 125 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏற்றமாட்டார்கள். அழுதாலும் ஏற்றமாட்டார்கள். "அடுத்த மாதம் வளர்ந்துவிடுவான்" என்று சொன்னாலும் ஏற்றமாட்டார்கள்! ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு வாசலில் நிற்பதைவிட, ஓர் ஆண்டு பொறுத்துப் போகலாம்.

பொம்மை யானையும் நிஜ யானையும்

டிஸ்னிலாண்டு திறந்த நாளில் இருந்து அங்கே ஒரு காட்டுப் படகு ஓடுகிறது. கரையில் யானை நிற்கும். தண்ணீரில் நீர்யானை வாயைத் திறக்கும். எல்லாம் எந்திர பொம்மைகள். நிஜ விலங்குகளை வைக்கத்தான் டிஸ்னி ஆசைப்பட்டார். அவை பகலில் படுத்துத் தூங்கும், காட்சி இருக்காது என்று சொன்னதால் பொம்மை வைத்தார்.

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு நிஜ யானை புதிது அல்ல. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள்ளேயே நடந்து வந்ததே! கம்பத்தில் இருந்து மலை ஏறினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. படகில் போனால் கரையில் யானைக் கூட்டம் நிற்கும்.

அந்த ஏரியில்தான் 2009 செப்டம்பர் 30-ந் தேதி ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். ஏற்றவேண்டிய அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். விலங்கைப் பார்க்க ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. மிதவைச் சட்டை இல்லாமல் படகு ஏறக்கூடாது என்ற கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அங்கே யானை பொம்மை. ஆள் எண்ணிக்கை நிஜம். இங்கே யானை நிஜம். அன்றைக்கு ஆள் எண்ணிக்கைதான் இல்லை.

வெளிநாட்டுக்குப் போய் வருகிறவர்கள் சாக்லேட்டும் சாவிக்கொத்தும் வாங்கி வருகிறார்கள். அந்தக் கண்டிப்பையும் பார்த்து வரவேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் ராட்டினத்தைச் சோதித்து, ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகே அங்கே கதவைத் திறக்கிறார்கள். பிடிப்புக் கம்பி பூட்டவில்லை என்றால் வண்டி நகராது.

கண்டிப்பு வந்தால் கூட்டம் குறையும், ராட்டினக்காரர் பிழைப்புக் கெடும் என்று சிலர் சொல்வார்கள். கண்டிப்பான இடங்களில்தான் கூட்டம் அலைமோதுகிறது. அதில் ஏறத்தான் நம் ஆட்கள் விமானம் பிடித்துப் போகிறார்கள்!

திருவிழா ராட்டினம் சில நாளில் பூட்டப்படுகிறது. சில நாளில் கழற்றப்படுகிறது. ஆகவே கூடுதலாகச் சோதிக்கவேண்டியது அதுதான். அதிகாரிகள் பார்த்துக் கொடுத்த சான்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் தெரியும்படி, பெரிய எழுத்தில் ராட்டினத்தின் முன்னே தொங்கவேண்டும். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையின் பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சாதனங்களுக்கும் இதே முறை வரவேண்டும்.

உயரம் அளக்க எந்திரம் ஒன்றும் தேவை இல்லை. ஒரு மூங்கில் கழி போதும். அதில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு. அடுத்த சித்திரைக்கு வீரபாண்டியில் ஒவ்வொரு ராட்டினத்தின் பக்கத்திலும் அந்தக் கழியை நட்டுவைக்கட்டும்.