குமாஸ்தாவைக் கொல்லும் கலை

தமிழ் சினிமாவில் அரசாங்க உத்தியோகஸ்தனுக்கு மூன்று வேஷங்கள்தான். தூங்கி வழிந்து சிரிக்க வைப்பான். லஞ்சம் வாங்கிச் சாவான். இல்லாவிட்டால் காக்கி மாட்டிக்கொண்டு மற்றவர்களைச் சாகடிப்பான். காலை பத்து மணிக்கு வந்து கட்டைப் பிரித்து, நோட் எழுதி, மேலே அனுப்பிவிட்டு, சாயங்காலம் பஸ் பிடிக்கிற மனிதன் திரையில் தென்படுவது அபூர்வம். 1969இல் வந்த பாலசந்தரின் ‘இரு கோடுகள்’ கலெக்டரையும் குமாஸ்தாவையும் ஒரே ஆபீஸில் உட்கார வைத்தது உண்மை. ஆனால் கலெக்டர் அந்தக் குமாஸ்தாவின் பழைய மனைவி. ஆபீஸ் அங்கே ஒரு குடும்பக் கதைக்குப் போட்ட செட், அவ்வளவே.

இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை, வியாபார சினிமா எல்லோரையும் இப்படித்தான் பொம்மையாக்குகிறது என்று நம்மவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. இந்தப் பொம்மைக்குள் ஒரு அரசியல் இருக்கிறது. அதை நாம் சௌகரியமாகப் பார்க்காமல் இருக்கிறோம் என்பது என் கட்சி.

ஷங்கரின் ‘இந்தியன்’ (1996) படத்தை எடுத்துக்கொள்வோம். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கொடுத்த மகனைச் சேனாபதி கொல்கிறார். குழந்தைகள் செத்திருக்கிறார்கள். கொட்டகை கைதட்டுகிறது. ஏழு வருஷம் கழித்து, 2003இல், ‘சாமி’ வருகிறது. ஆறுச்சாமி போலீஸ் அதிகாரி. தாதாவிடம் பணம் வாங்கிக்கொள்கிறார். அது தந்திரம், நிர்ப்பந்தம் என்று படமே வக்காலத்து வாங்குகிறது. கடைசியில் அந்தத் தாதாவைச் சட்டத்துக்கு வெளியே தீர்த்துக்கட்டுகிறார். கொட்டகை அதற்கும் கைதட்டுகிறது. அதே வருஷம் ‘காக்க காக்க’வில் என்கவுன்ட்டர் ஒரு காதல் கதையின் பின்னணி சங்கீதம் போல நடந்துகொண்டிருந்தது.

ஆகவே விதியை மீறுவது இந்த சினிமாவுக்குப் பாவமல்ல. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மீறினால் மரண தண்டனை, துப்பாக்கியோடு மீறினால் மாலை. இந்த சினிமாவுக்கு வெறுப்பு லஞ்சத்தின் மேல் அல்ல, நடைமுறையின் மேல். மனு, விசாரணை, சாட்சி, மேல்முறையீடு ஆகியவை எல்லாம் கதாநாயகனின் காலில் சுற்றிய கயிறுகள். அவற்றை அறுத்தால் தர்மம் ஜெயிக்கும். ஆனால் தனக்கென்று துப்பாக்கியோ மாமாவோ கட்சியோ இல்லாதவனுக்கு மிச்சம் இருப்பது அந்தக் கயிறுகள் மட்டும்தான் என்பது இந்தப் படங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் படம் எடுக்க முடியாது.

லஞ்சம் பொய்யா, தாலுகா ஆபீஸ் பக்கம் போனதில்லையா என்று கேட்பீர்கள். போயிருக்கிறேன். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காததால் ஒரு சான்றிதழுக்கு நாலு மாதம் அலைந்திருக்கிறேன். உத்தியோகஸ்தன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரையச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கடுமையாகவே விமர்சிக்கட்டும். ஆனால் விமர்சனத்துக்கு, விமர்சிக்கப்படும் பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டிரான்ஸ்பருக்கு ஒரு விலை, போஸ்டிங்குக்கு ஒரு விலை, ஒப்பந்தத்தில் ஒரு பங்கு என்று பணம் எந்தப் படிகளில் ஏறுகிறது, எந்தப் படியில் கட்சி நிற்கிறது என்ற வரைபடம் இல்லாத கோபம் முதலில் அகப்பட்டவனின் கழுத்தைப் பிடிக்கிறது. அகப்படுகிறவன் எப்போதும் கவுன்ட்டரில் இருக்கிறவன்.

இதை நான் ஓரளவு அறிந்து சொல்கிறேன். தேசிய வங்கியில் குமாஸ்தா. கறாராகச் சொன்னால் சர்க்கார் உத்தியோகமில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு அந்த வித்தியாசம் கிடையாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டெலிவிஷனில் அறிவித்தார்கள். வரிசை 10ஆம் தேதி காலை எங்கள் முன்னால் நின்றது. மாற்றிக்கொள்ள 4000 ரூபாய் என்றார்கள், பிறகு 4500, பிறகு 2000, பிறகு 24ஆம் தேதியோடு மாற்றுவதே இல்லை. நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு உத்தரவையும் போட்டவர் டெல்லியில் இருந்தார், வசவு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தது. திட்டியவர்கள் பேரில் எனக்குக் குறையில்லை. அரசாங்கத்துக்கு முகம் என்று ஒன்று இருப்பது கவுன்ட்டரில் மட்டும்தான், மனிதர்கள் முகத்தைப் பார்த்துத்தான் திட்ட முடியும். ஆனால் கலை என்று சொல்லிக்கொள்வது முகத்துக்குப் பின்னால் போகவேண்டாமா?

போக முடியும் என்பதற்கு சாட்சிகள் உண்டு. குரோஸாவாவின் ‘இகிரு’ (1952) ஆபீஸைப் பற்றிச் சொல்வது சேனாபதி சொல்வதைவிடக் கொடூரமானது. சாக்கடைக் குட்டையை மூடித்தரச் சொல்லி வரும் பெண்களை ஒவ்வொரு இலாகாவாகத் துரத்துகிறார்கள். வாதனாபே முப்பது வருஷம் முத்திரை குத்தி உயிரோடு செத்தவர். வயிற்றில் புற்றுநோய் என்று அறிந்தபின் அவர் யாரையும் கொல்லவில்லை. அதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய், அவமானப்பட்டு, நகராமல் நின்று, ஒரு பூங்காவைக் கட்டவைக்கிறார். அவர் இறந்தபின் சகாக்கள் குடித்துவிட்டு சபதம் எடுக்கிறார்கள். மறுநாள் ஆபீஸ் பழையபடி. ஆறுதல் ஏதும் தராத படம். ஆனால் நல்லது நடந்தால் அதுவும் இந்த மேசைகள் வழியாகத்தான் நடக்கும் என்ற ஞானம் அதில் இருக்கிறது.

வெகுதூரம் போகவேண்டாம். அமித் மசூர்கரின் ‘நியூட்டன்’ (2017) தண்டகாரண்யக் காட்டில் 76 வாக்காளர்களுக்குத் தேர்தல் நடத்தப்போன குமாஸ்தாவின் கதை. விதிப்புத்தகத்தை விடமாட்டேன் என்கிறான். படம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, கூடவே அவன் பக்கம் நிற்கிறது. நம்மிடமே வெற்றிமாறனின் ‘விசாரணை’ இருக்கிறது. அதில் போலீஸ்காரர்கள் ராட்சஸர்கள் அல்லர். கேஸை முடிக்கவேண்டும், மேலே பதில் சொல்லவேண்டும், அதற்கு நாலு உடம்புகள் வேண்டும். கொடுமை அங்கே ஆபீஸ் வேலையாக நடக்கிறது. அதனால்தான் குலை நடுங்குகிறது. ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) படத்தில் அத்திப்பட்டிக்காரர்கள் தாங்களே வெட்டும் வாய்க்காலை அதிகாரிகள் வந்து தடுக்கும்போது, அரசாங்கம் ஒரு தனி மனிதனின் கெட்ட குணமாகச் சுருங்கிவிடவில்லை.

சினிமா பொம்மைகளைப் பற்றி ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், பொம்மைகள் கொட்டகைக்குள் தங்குவதில்லை. 2002இல் ‘ரமணா’ லஞ்ச அதிகாரிகளைக் கடத்திப் பட்டியல் போட்டுக் கொன்றது. 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் பறிபோனதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தனித்தனி விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்றது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் தெருவில் கேட்ட வார்த்தை “நல்லா வேணும்”. சினிமா இதைச் செய்தது என்று சொல்லும் அசட்டுத்தனம் என்னிடமில்லை. ஆனால் விசாரணையில்லாத தண்டனையை ருசிக்க ஒரு ஜனங்களின் நாக்கு பழக்கப்பட்டிருந்தது. பழக்கியதில் கொட்டகைக்குப் பங்கில்லை என்று யாரும் என்னிடம் சாதிக்க வேண்டாம்.

அந்த 1,70,000 பேரில் எத்தனையோ பேருடைய வீட்டில், அப்பன் பாட்டன் எந்த ஆபீஸிலும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ‘சர்க்கார் மாப்பிள்ளை’ என்று கேலி செய்கிறவர்கள் எந்த நாற்காலியைக் கேலி செய்கிறோம் என்று யோசிப்பதில்லை. ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’ அதைக் கேட்டது. இலக்கியம் கேட்டதை சினிமா கேட்கவில்லை என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாமா?

கூடாது. ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. ஞானக்கூத்தன் பொதுப்பணித்துறை. தி. ஜானகிராமன் வானொலி. ஆதவன் ரயில்வே. ஜெயமோகன் தொலைபேசி. தமிழ் நவீனத்துவத்துக்கு கணிசமான புரவலர் மாதாமாதம் முதல் தேதி சம்பளம் கொடுத்த அரசாங்கம். இந்த வர்க்கத்தின் எழுத்தில் ஆபீஸ் பெரும்பாலும் என்னவாக வந்தது? கூண்டாக. நுண்ணுணர்வு படைத்த ஆத்மா ஃபைலுக்கு நடுவே புழுங்கும் இடமாக. அந்நியமாதல் என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. கவுன்ட்டருக்கு எதிரே மூன்றாவது தடவையாக வந்து நிற்கும் கிழவிக்கு அந்தக் கவிதையில் இடம் இல்லை. அவளுடைய காகிதம் நகர்ந்ததா என்று எந்தச் சிறுகதையும் கவலைப்படவில்லை. சினிமா குமாஸ்தாவைக் கொன்றது. நம்மவர்கள் அவனைக் கவிஞனாக்கித் தப்பவிட்டார்கள். இரண்டிலும் வேலை காணாமல் போயிற்று.

எனக்கு வேண்டியது அந்த வேலை. ஒரு முதியோர் ஓய்வூதிய மனு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் பாதை, எங்கே நின்றது, யார் நிறுத்தினார், யார் சும்மா இருந்தார், யார் ஒரு வரி நோட் எழுதி நகர்த்தினார் என்ற கதை. கொலையைவிட அதில் நாடகம் அதிகம். அதை எழுதத் தேவையான அனுபவம் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் முந்நூறு பேரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆபீஸ் நேரத்தில் கவிதை எழுதுகிறவர்கள் ஆபீஸையும் எழுதட்டும்.